நானிங் போரில் நம்மவர்கள் யார் பக்கம்? மலாக்காவின் பழைய ஆவணங்களை வகுப்பில் படிக்கும்போது



போன தவணையில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் விடுப்பில் போக, ரிலீஃப் வகுப்பு என் தலையில் விழுந்தது. நான் தமிழ் ஆசிரியர். இருந்தாலும் புத்தகத்தைத் திறந்து, மலாக்காக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த டோல் சாயிட் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆங்கிலேயர் வரி கேட்டார்கள், நானிங் பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்தார், 1831-ல் கம்பெனிப் படை வந்து தோற்றது, 1832-ல் பெரிய படையோடு வந்து ஜெயித்தது. இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அந்தப் பட்டாளத்துல நம்ம ஆளுங்கதானே இருந்தாங்க? அப்போ நாம யாரு பக்கம்?"

வகுப்பில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது சரி. அந்தப் படை மதராஸ் காலாட்படை. பாடநூலில் "ஆங்கிலேயப் படை" என்று போட்டிருப்பதால் நாமும் அப்படியே கடந்து போய்விடுகிறோம்.

அவனுக்குப் பதில் தேடப்போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்க மாணவர்கள் தங்கள் நாட்டின் அடிமைமுறையையும் போரையும் அன்றைய கடிதங்கள், ஒப்பந்தங்கள், கணக்கேடுகள் வழியாகப் படிக்கிறார்கள். நம் மலாக்காவிலும் அதே மூன்றும் கிடக்கின்றன. நாம்தான் அவற்றை வகுப்புக்குள் கொண்டு வருவதில்லை.

ஒரு பிரிவு, இரண்டு பாதி

முதலில் நானிங். இன்றைய அலோர் காஜா வட்டாரம்தான் அது. டச்சுக்காரர்கள் 1641-ல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த கையோடு, அதே ஆண்டு ஆகஸ்டில் நானிங்குடன் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று அதில் இருந்தது. எழுதுவது சுலபம், வசூலிப்பதுதானே கஷ்டம்! காடு, மலை, ஆறு தாண்டிப் போய் நெல்லை அளக்க டச்சுக்காரர்களால் முடியவில்லை. கடைசியில் 1765-ல் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். மொத்த விளைச்சலில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வரி என்பதைவிட, "உங்களைப் பெரியவராக ஒப்புக்கொள்கிறோம்" என்று காட்டும் வரிசைப்பொருள் என்றே அதைச் சொல்லலாம்.

1795-ல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1801-ல் அப்போதைய ஆளுநர் டெய்லர், டோல் சாயிட்டுடன் புதிய ஒப்பந்தம் செய்தார். தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த ஒப்பந்தத்தை மறக்கவே கூடாது. அதில் வரி பற்றிய பிரிவுக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, நானிங் மக்கள் விளைச்சலில் பத்தில் ஒன்று தரக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. இரண்டாம் பாதி, ஆனால் அவர்கள் ஏழைகள் என்பதால் அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் பெங்ஹுலுவோ அவருடைய ஆளோ மலாக்காவுக்கு வந்து, அரைக் கோயான் நெல்லை, அதாவது அதே 400 கந்தாங்கை, மரியாதையாகச் செலுத்தினால் போதும் என்கிறது.

1818-ல் மலாக்கா திரும்ப டச்சுக்காரருக்குப் போய், 1824 ஆங்கிலோ-டச்சு ஒப்பந்தத்தால் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. ஆளுநர் ஃபுல்லர்டனுக்கு வருமானம் தேவைப்பட்டது. நில அதிகாரி லூயிஸ் கணக்குப் போட்டுக் கொடுத்தார். இருவருக்கும் கண்ணில் பட்டது அந்தப் பிரிவின் முதல் பாதி மட்டுமே. பத்தில் ஒன்று! பழைய கணக்கோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு. அதோடு, நானிங் மலாக்காவின் ஒரு பகுதிதான், அங்கே நடக்கும் குற்றத்தையும் மலாக்கா நீதிமன்றம்தான் விசாரிக்கும் என்றும் சொன்னார்கள். டோல் சாயிட் இரண்டையும் ஏற்கவில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "டோல் சாயிட் வரி கட்ட மறுத்தார்" என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பதில். அவர் பழைய 400 கந்தாங்கை மறுக்கவில்லை. புதிதாகக் கேட்ட பத்தில் ஒன்றைத்தான் மறுத்தார். தன் ஊரில் தான் நீதி சொல்லும் உரிமையையும் விட மறுத்தார். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்குப் பதில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள்.

1776-ல் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்திலும் மன்னர் மீது இந்த இரண்டு குறைகளும் இருக்கின்றன. எங்கள் சம்மதமில்லாமல் வரி போட்டீர்கள், எங்கள் நீதிமுறையில் கை வைத்தீர்கள் என்று அதில் பட்டியலே போட்டார்கள். டோல் சாயிட்டுக்கு பிலடெல்பியா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. மனக்குறை மட்டும் ஒன்றுதான். ஆனால் அமெரிக்கர்கள் தங்கள் குறையைத் தாங்களே எழுதி அச்சடித்தார்கள். டோல் சாயிட்டின் குறை பெரும்பாலும் அவரை எதிர்த்தவர்களின் கோப்புகள் வழியாகவே நமக்கு வந்து சேருகிறது.

படையும் பேனாவும் மதராஸிலிருந்து

1831-ல் கேப்டன் வைலி தலைமையில் போன முதல் படையில் மதராஸ் 29-ஆம் காலாட்படையைச் சேர்ந்த 150 சிப்பாய்கள் இருந்தார்கள், இரண்டு சிறிய பீரங்கிகளும் இருந்தன. காட்டுப் பாதையில் மரங்களை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள் நானிங் மக்கள். உணவு வரும் பாதையையும் துண்டித்தார்கள். ரெம்பாவும் அவர்களுக்குத் துணைக்கு வந்தது. பீரங்கிகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது படை.

1832-ல் கர்னல் ஹெர்பர்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு வந்தார். இதிலும் பெரும்பாலோர் மதராஸ் படையினர்தான். இதற்குள் கம்பெனி ரெம்பாவுடன் ஒப்பந்தம் எழுதி, அது சுதந்திரமான நாடு என்று ஒப்புக்கொண்டு, அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. சையத் ஷாபான் தலைமையில் ரெம்பாவ் வீரர்கள் இப்போது கம்பெனியோடு நின்றார்கள். இரு புறமும் காட்டை அகலமாக வெட்டிச் சாய்த்துச் சாலை போட்டுக்கொண்டே படை நகர்ந்தது. இன்று காரில் ஏறினால் அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் போய்விடும் தூரத்துக்கு அவர்களுக்கு மாதக்கணக்கு ஆனது. 1832 ஜூன் 15-ல் தாபோ வீழ்ந்தது.

இந்தப் போருக்கு ஆன செலவு ஒரு லட்சம் பவுனுக்கு மேல். நானிங்கிலிருந்து பிறகு கிடைத்த வரியை வைத்து அதை ஈடுகட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்று கணித ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டோல் சாயிட் 1834-ல் மன்னிப்பு உறுதியின் பேரில் சரணடைந்தார். கம்பெனி அவருக்கு மலாக்காவில் வீடும் மாதப் படியும் கொடுத்தது. 1849-ல் இறக்கும்வரை அங்கே அமைதியாக வாழ்ந்தார். அவருடைய கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு ஏ ஃபமோசாவை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், பஸ்ஸை அந்தப் பக்கமும் விடலாம்.

சிப்பாய்களுக்கு வருவோம். மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்தே இருந்தார்கள். கடல் கடந்து வந்து, தனக்கு எந்த விரோதமும் இல்லாத ஒரு விவசாயியின் நெல்லுக்காக, அட்டை கடிக்கும் காட்டில் சுட்டு, சுடப்பட்டுச் செத்தவர்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றாவது என் கண்ணில் படாதா என்று ஏங்கியிருக்கிறேன். நான் படித்ததெல்லாம் அதிகாரிகள் எழுதியது. மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த பெக்பி என்பவர் மலாய்த் தீபகற்பம் பற்றி எழுதிய நூலில் இந்தப் போரை விரிவாகச் சொல்கிறார். 1834-ல் அது அச்சான இடம் எது தெரியுமா? சென்னை வேப்பேரி மிஷன் அச்சகம்! 1839-ல் லண்டனில் நூல் வெளியிட்ட நியூபோல்டும் மதராஸ் காலாட்படை அதிகாரிதான். ஆக, நானிங்கைப் பற்றி முதலில் எழுதிய இரண்டு முக்கியமான பேனாக்களும் மதராஸ் படையிலிருந்தே வந்தன. அந்த அதிகாரிகளே கம்பெனியின் உரிமைக் கோரிக்கையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிகாரி எழுதியது என்பதற்காக ஓர் ஆவணத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

தமிழ் படித்த சாட்சி

மூன்றாவது பேனா ஒன்று உண்டு. அது நமக்கு இன்னும் நெருக்கம். முன்ஷி அப்துல்லா, 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பாடத்தில் படிக்கிறோம். அவர் சிறுவயதில் தமிழ் படித்தவர் என்பதை எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறோம்? மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம், கணக்கு வழக்குக்கும் வியாபாரத்துக்கும் அது தேவைப்பட்டது என்று அவரே தன் வரலாற்று நூலான ஹிகாயாட் அப்துல்லாவில் குறிப்பிடுகிறார். 1835-ல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தவரும் அவரே. "தமிழ் படிச்சு என்ன டீச்சர் ஆகப்போகுது" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

நானிங் போர் நடந்த காலத்தில் மலாக்கா நகரம் எப்படிக் கதிகலங்கிக் கிடந்தது என்பதை அப்துல்லா எழுதியிருக்கிறார். அடிமைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1811-ல் ஜாவாவைப் பிடிக்கப் புறப்பட்ட பெரும்படையோடு மிண்டோ பிரபு மலாக்காவில் இறங்கினார். சிறையில் கிடந்த பழைய சித்திரவதைக் கருவிகளை அழிக்கச் சொன்னார் என்று அப்துல்லா சொல்கிறார். மிண்டோ ஊருக்கு எழுதிய கடிதங்களில், அரசுக்குச் சொந்தமான அடிமைகளை விடுவித்த செய்தி இருக்கிறது. ஒரே வருகை, இரண்டு சாட்சிகள். ஒருவர் தலைமை ஆளுநர், தன்னைப் பற்றித் தானே எழுதுகிறார். மற்றவர் ஏறக்குறைய பதினைந்து வயதில் வேடிக்கை பார்த்த உள்ளூர்ப் பையன், முப்பது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதுகிறார். வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

சிங்கப்பூரில் பூகிஸ் கப்பல்களில் கொண்டுவந்து விற்கப்பட்ட பெண்களை அப்துல்லா நேரில் பார்த்தார். மனம் பொறுக்காமல் ராஃபிள்ஸிடம் போய்ச் சொல்கிறார். இது வெகுநாள் நீடிக்காது, இங்கிலாந்தில் இதை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், இங்கே மட்டுமல்ல, கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் சரக்கைப் போல விற்கப்படுகிறார்கள் என்ற பொருளில் ராஃபிள்ஸ் பதில் சொன்னதாக எழுதுகிறார். ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடல் கடத்திக்கொண்டுபோன அதே வியாபாரத்தைப் பற்றி, தமிழ் படித்த ஒரு மலாக்கா இளைஞர் சிங்கப்பூரில் பேசிக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அப்துல்லா ராஃபிள்ஸிடம் எழுத்தராகச் சம்பளம் வாங்கியவர், ஆங்கிலேயர் மீது மதிப்பு வைத்திருந்தவர் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். சாட்சி நல்லவர்தான், ஆனால் நடுநிலையானவர் என்று சொல்லிவிட முடியாது.

கணக்கேட்டில் நாம்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதக் கொஞ்சம் தயங்கினேன்.

டச்சு ஆளுநர் பல்தாசர் போர்ட் 1678-ல் மலாக்காவைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அதில் மக்கள்தொகைக் கணக்கும் இருக்கிறது. மொத்தம் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடிமை. அதற்கு முன், 1659 முதல் 1661 வரை, தஞ்சை நாயக்கர் நாட்டில் பீஜப்பூர் படையெடுப்பும் பஞ்சமும் வந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைமுகங்களில் டச்சுக் கம்பெனி எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். ஒரு சிறு பகுதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் வந்தது. நம்மில் பலர் தமிழர்கள் இங்கே கூலிகளாக வந்த கதையை ரப்பரிலிருந்து, இல்லாவிட்டால் கரும்பு, காப்பித் தோட்டங்களிலிருந்து ஆரம்பிப்போம். அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே விலைச்சீட்டோடு வந்தவர்கள் உண்டு. டச்சு ஏடுகளில் இப்படிப்பட்டவர்களுக்குத் தகப்பன் பெயர் இருக்காது. ஒரு கிறிஸ்தவப் பெயர், பின்னால் "கொரமண்டல்", "மலபார்", "வங்காளம்" என்று ஓர் ஊர் ஒட்டு. அவ்வளவுதான்.

அதே போர்ட் அறிக்கையில் அடிமைகளை வைத்திருந்தவர்களின் பட்டியலும் சமூகவாரியாக இருக்கிறது. டச்சுக்காரர், போர்த்துகீசிய வம்சாவளியினர், சீனர், மலாய்க்காரர், அவர்களோடு இந்திய முஸ்லிம்களும் இந்துக்களும். ஆமாம், நம் வியாபாரிகளும்தான். விற்கப்பட்டவர்களிலும் நம்மவர், வாங்கியவர்களிலும் நம்மவர். முதல் முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று ஒரு மூத்த ஆசிரியரிடம் கேட்டேன். "சொல்லும்மா, மறைச்சா பிள்ளைங்க பிறகு நம்மள நம்பமாட்டாங்க" என்றார்.

1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அமெரிக்கா 1808-லிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இரண்டுமே வியாபாரத்துக்குத்தான் தடை, ஏற்கெனவே அடிமையாக இருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையையே ஒழித்தபோதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை விட்டுவிட்டது. மலாக்காவும் அதில் அடங்கும். இங்குள்ள பெரிய மனிதர்கள் கூடி, 1841 டிசம்பர் 31-க்குப் பிறகு அடிமைமுறை இருக்காது என்று முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டார்கள். சட்டப்படி கம்பெனி நிலம் முழுவதற்கும் முடிவு வந்தது 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால்தான்.

அமெரிக்க அரசியலமைப்பை 1787-ல் எழுதியவர்கள் அதில் "அடிமை" என்ற சொல்லையே போடவில்லை. "இப்படிப்பட்ட ஆட்கள்" என்கிற மாதிரி சுற்றி வளைத்து எழுதினார்கள். தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஆவணத்தில் என்ன சொல் இருக்கிறது என்பதைப் போலவே, எந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். பின்னாளில் நம் தோட்டங்களுக்கு வந்த ஏடுகளில் "ஒப்பந்தம்" என்ற சொல் வரும்.

அதனால் அந்தச் சொல்லிலும் கவனம் தேவை. சஞ்சிக்கூலி முறையை "அடிமைமுறை" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். சஞ்சிக்கூலிக்குத் தவணை உண்டு, கூலி உண்டு, பிள்ளை முதலாளியின் சொத்து ஆகாது. அதே சமயம், வேலையை விட்டு ஓடினால் சிறை. கடன் தீரும்வரை தவணை முடிந்தும் முடியாது. மலாக்காவில் 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு அசஹானில் பெரிய தோட்டம் போட்ட காலத்தில் இந்த முறை உயிரோடுதான் இருந்தது. 1910-ல்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். கங்காணி வழியாக ஆள் கொண்டுவருவது அதற்குப் பிறகும் தொடர்ந்து, 1938-ல் இந்திய அரசு தடை போட்டபோது நின்றது. ஒற்றுமையையும் வேற்றுமையையும் சேர்த்து எழுதும் மாணவருக்குத்தான் முழுப் புள்ளி கிடைக்கும்.

மறு வாரம் அந்த வகுப்புக்குத் திரும்பப் போனேன், இம்முறை ரிலீஃப் இல்லை, வரலாற்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய ஒரு பாட வேளை. 1801 ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவின் சாரத்தைத் தமிழில் எழுதி, நடுவில் கத்தரித்து, வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் பாதியையும் மீதிப் பேருக்கு இரண்டாம் பாதியையும் கொடுத்தேன். வரி கேட்டது நியாயமா இல்லையா என்று வாதாட விட்டேன். பத்து நிமிடம் வகுப்பு ரெண்டுபட்டது. பிறகு இரண்டு தாளையும் ஒட்டிக் காட்டினேன். "டீச்சர், ஏமாத்திட்டீங்க!" என்று கத்தினார்கள். ஃபுல்லர்டனிடம் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் செய்து பாருங்கள், கத்தரிக்கோல் ஒன்று போதும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பழைய தாள் ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். பலர் பிறப்புப் பத்திரம், ஒருத்தி பாட்டியின் பழைய கூலிச் சீட்டு. கேள்வி கேட்ட அந்தப் பையன், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தான். தாத்தாவுடையது. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். அட்டையின் நிறம் சிவப்பு. "இது ஏன் டீச்சர் சிவப்பா இருக்கு?" என்றான். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் அதுதான்.